தினசரி ஓட்டத்துக்கு செகண்ட் ஹேண்ட் ஹெவி டூட்டி பெட்ரோல் பிக்கப்: எதை எடுக்கலாம்?

ஹூஸ்டன் தெற்கு
எல்லாருக்கும் வணக்கம். முக்கால் டன், அதாவது ஹெவி டூட்டி ரக பெட்ரோல் பிக்கப் ஒன்று செகண்ட் ஹேண்டில் எடுக்கணும். ஆபீஸுக்குப் போக வர தினமும் 22 மைல், பாதி ஹைவே, பாதி சிக்னல். மாதம் ஒன்றிரண்டு முறை கேம்பிங் ட்ரெய்லர் இழுக்கணும், சாமானோடு 7,800 பவுண்டு. வீட்டில் ஐந்து பேர். நாலு கதவு கேபின், ஃபோர் வீல் டிரைவ் வேணும். பட்ஜெட் 30,000 டாலர். ஃபோர்டு எஃப்-250 6.2, செவ்ரோலே சில்வராடோ 2500எச்டி 6.0, ரேம் 2500 6.4 மூன்றும் மனசில் இருக்கு (6.2, 6.0, 6.4 எல்லாம் இன்ஜின் லிட்டர் அளவு). டீசல் வேண்டாம்னு நினைக்கிறேன். ஒரு படி சின்ன ரகமான ஹாஃப் டன்னே போதும்னு சிலர் சொல்றாங்க. அனுபவசாலிகள் சொல்லுங்க.

இழுவைக் கணக்கு
ஹாஃப் டன் போதுமா என்பதை விளம்பரத்தில் போடும் இழுவைத் திறனை வைத்து முடிவு செய்யாதீர்கள். டிரைவர் கதவு திறக்கும் இடத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். முதலில் முட்டுவது அந்த எண்தான்.

ட்ரெய்லர் 7,800 பவுண்டு என்றால் அதில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் கொக்கியில் உட்காரும், அதாவது 780 முதல் 1,170 வரை. 1,000 என்று வைத்துக்கொள்வோம். எடையைப் பகிர்ந்து தரும் ஹிட்ச் ஒரு 100. ஐந்து பேர் 700. இத்துடன் 1,800 ஆகிவிட்டது, ஐஸ் பெட்டியையோ விறகையோ இன்னும் ஏற்றவே இல்லை. நாலு கதவு, ஃபோர் வீல், லெதர் சீட் உள்ள ஹாஃப் டன்களில் பெரும்பாலும் ஸ்டிக்கர் 1,500 முதல் 1,700 வரைதான் இருக்கும். முக்கால் டன் பெட்ரோலில் 2,500க்கு மேல் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் குடும்பத்துக்கு முக்கால் டன் தேவைதான். ட்ரெய்லர் 5,000 பவுண்டாக இருந்திருந்தால் ஹாஃப் டன்னே எடுங்கள் என்றிருப்பேன்.

கொங்கு டீசல்
டீசல் வேண்டாங்கறது சரியான முடிவுங்க. டீசல் பிரியனா இருந்தே சொல்றேனுங்க. ஒரு பக்கம் 11 மைல்ங்கிறது டீசலுக்கு ரொம்பக் குட்டி ஓட்டம். ஆயில் சூடாகறதுக்குள்ள ஆபீஸ் வந்துருது. புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் தன்னைத் தானே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்க நல்ல சூடும் நீண்ட ஓட்டமும் வேணுங்க. அது கிடைக்கலீன்னா பாதியிலயே நின்னு நின்னு ஃபில்டர் அடைச்சுக்கும், ஆயில்லயும் டீசல் கலந்துரும்.

இன்னொண்ணு ஹை பிரஷர் பம்ப். 2011க்கு அப்புறம் வந்த ஃபோர்டு 6.7, 2011-2016 ஜிஎம் டீசலான டுராமேக்ஸ் ரெண்டுலயும் சிபி4 பம்ப்தானுங்க. அது தேஞ்சு உடைஞ்சா இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போயிரும். டேங்க்கில இருந்து ரெயில் வரைக்கும் எல்லாத்தையும் மாத்தணும், 10,000 டாலர் வரைக்கும் போகும். மாசம் ரெண்டு தடவை 7,800 பவுண்டு இழுக்கறதுக்கு அந்த ரிஸ்க் எதுக்குங்க?

பழைய ஸ்பேனர்
மூணு இன்ஜினையும் தனித்தனியா சொல்றேன்.

ஃபோர்டு 6.2 (2011 முதல் 2022 வரை). இரும்பு பிளாக், தலைக்கு ஒரே கேம், போர்ட் இன்ஜெக்ஷன், பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஓடும்போதே சில சிலிண்டரை நிறுத்துற வேலையெல்லாம் கிடையாது. 385 குதிரைத்திறன், டார்க் 2016 வரைக்கும் 405 பவுண்ட்-அடி, 2017ல இருந்து 430. சிலிண்டருக்கு ரெண்டு பிளக், மொத்தம் 16. 1,00,000 மைல் பக்கத்துல இருக்கற வண்டின்னா பிளக் மாத்தின பில் கேளுங்க. முதல் பாதி வருஷ வண்டிகள்ல வால்வு ஸ்பிரிங் உடையறது தெரிஞ்ச கதை. சிலிண்டர் ஒண்ணு மிஸ்ஃபயர் ஆகும், காயில் மாத்தினாலும் போகாது. அந்த நிலைமையில தொடர்ந்து ஓட்டினா வால்வு உள்ளே விழுந்து பிஸ்டனையே உடைக்கும். ஸ்பிரிங்கை ஹெட் கழட்டாமலே மாத்தலாம், அதனால நேரத்தோட பிடிச்சா பெரிய செலவில்லை.

ஜிஎம் 6.0 (சில்வராடோல இருக்கறது). 2011க்கு மேல வந்த எச்டியில இருக்கறது எல்96. 360 குதிரை, 380 பவுண்ட்-அடி. மூணுலயும் பலம் கம்மி இதுதான், மெக்கானிக்குக்கு ரொம்பப் பழகின இன்ஜினும் இதுதான். இரும்பு பிளாக், போர்ட் இன்ஜெக்ஷன், 6எல்90 ஆறு கியர் பெட்டி. ஜிஎம் ஹாஃப் டன்கள்ல லிஃப்டரை (வால்வைத் தூக்கற பாகம்) கெடுக்கற சிலிண்டர் நிறுத்தும் ஏற்பாடு இந்த எச்டி இன்ஜின்ல இல்ல. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோட கடைசி போல்ட், அதாவது ஃபயர்வால் பக்கம் இருக்கறது, தலை உடைஞ்சு விழும். அது ஏறக்குறைய எல்லா வண்டிக்கும் வர்றதுதான்.

ரேம் 6.4 ஹெமி (2014 முதல்). 410 குதிரை, 429 பவுண்ட்-அடி. காலியா ஓட்ட மூணுலயும் துள்ளல் இதுலதான். 0டபிள்யூ-40 ஆயில் 7 குவார்ட், இதுல கஞ்சத்தனம் கூடாது. லிஃப்டர் ரோலரோட ஊசி பேரிங் தேஞ்சு ரோலர் நின்னு போச்சுன்னா கேம் லோபைச் சீவித் தள்ளிடும். ஹெமியில லிஃப்டரை எடுக்க ரெண்டு ஹெட்டையும் கழட்டணும். கேம், 16 லிஃப்டர், கேஸ்கெட், ஆளு கூலி எல்லாம் சேர்த்தா பல ஆயிரம் டாலர். காரணம் என்னன்னு இன்னும் வாதம் ஓடுது. மணிக்கணக்கா ஐடிலிங்ல, அதாவது நகராம இன்ஜின் மட்டும் ஓட, நின்ன வண்டிகள்ல இது அதிகம் வருதுன்னுதான் என் கணிப்பு, ஏன்னா ஐடிலிங்ல கேமுக்குத் தெறிக்கற ஆயில் குறைவு.

2020க்கு அப்புறம் ஃபோர்டு 7.3 (430 குதிரை, 475 பவுண்ட்-அடி), ஜிஎம் 6.6 (401 குதிரை, 464 பவுண்ட்-அடி) வந்துச்சு. இழுவைக்கு ரெண்டும் பழசைவிட எவ்வளவோ மேல். ஆனா 30,000 டாலருக்குள்ள கிடைக்கறது பெரும்பாலும் கம்பெனி வேலைக்கு ஓடித் தேஞ்ச வண்டியாத்தான் இருக்கும்.

தவிர்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு. விலை குறைவுன்னு 2005-2010 ஃபோர்டு 5.4 மூணு வால்வு பக்கம் போகாதீங்க. 2008க்கு முன்னாடி வந்ததுல ரெண்டு துண்டா செஞ்ச பிளக் கழட்டும்போது ஹெட்டுக்குள்ளேயே உடையும், கேம் ஃபேஸரும் செயின் கைடும் தனிச் செலவு.

ஸ்கார்பரோ 401
தம்பி, எஞ்சினைப் பற்றி எல்லாரும் சொல்லிப்போட்டினம். நான் கறளை, அதுதான் துருவை, பற்றிச் சொல்லுறன். டெக்சாஸில விக்கிற எல்லா வண்டியும் டெக்சாஸில ஓடினது எண்டு நம்பாதேங்கோ. ஒகாயோ, மிச்சிகன், பென்சில்வேனியா ஏலங்களில எடுத்து, கீழ கறுப்புப் பெயின்ற் அடிச்சுத் தெற்கில கொண்டுவந்து விக்கிறவையள் இருக்கினம். வண்டி எந்தெந்த ஊரில பதிவாகி இருந்தது எண்டு வின் நம்பர் (வண்டியின்ர அடையாள எண்) அறிக்கையில வரும், அதை முதல்ல எடுங்கோ.

பிறகு ஒரு டோர்ச்சும் சின்னச் சுத்தியலும் கொண்டு கீழ படுத்துப் பாருங்கோ. பின் ஸ்பிரிங் சேசியில பிடிக்கிற இடம், பெற்றோல் ராங்கைத் தூக்கிப் பிடிக்கிற பட்டி, பிரேக் பைப் கிளிப்புக்குள்ள போற இடம், கியர் ஓயில் கூலருக்குப் போற பைப்பின்ர மடிப்பு. தட்டினால் "ணங்" எண்டு கேக்கவேணும். பொத்தெண்டு கேட்டாலோ தகடு தகடாக் கழண்டாலோ திரும்பி வாங்கோ. 2017க்குப் பிறகு வந்த எஃப்-250இன்ர பொடி அலுமினியம், மேல பாக்க வடிவா இருக்கும். சேசி இரும்புதான், ஏமாறாதேங்கோ.

முன்னுக்கு பனி தள்ளுற பிளேட் பூட்டின அடையாளம், சேசியில புதுசாத் துளைச்ச ஓட்டை, வெட்டின வயர் ஏதும் இருந்தால் முன் சஸ்பென்சன் முழுக்கத் தேஞ்சிருக்கும் எண்டு கணக்குப் போட்டு விலை பேசுங்கோ.

ஹூஸ்டன் தெற்கு
அருமை, எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி. பெட்ரோல் செலவு எவ்வளவு கூடும்? காலியா ஓட்டும்போது உடம்பு குலுங்குமா? பின் சீட்டில் பிள்ளைகள் உட்காருவாங்க.

இழுவைக் கணக்கு
8,500 பவுண்டுக்கு மேல் மொத்த எடை மதிப்பீடு உள்ள பிக்கப்களுக்கு அரசு மைலேஜ் ஸ்டிக்கரே கிடையாது. உங்கள் மாதிரி கலந்த ஓட்டத்தில் இந்த மூன்றும் கேலனுக்கு 12 முதல் 14 மைல் தரும். ட்ரெய்லர் மாட்டினால் 8 முதல் 10. வருடம் 12,000 மைல், 13 மைலேஜ் என்றால் 923 கேலன். 18 தரும் ஹாஃப் டன் 667 கேலன் குடிக்கும். பெட்ரோல் 3 டாலர் என்று வைத்தால் வருடத்துக்கு சுமார் 770 டாலர் வித்தியாசம். இதைவிடப் பெரிய செலவு டயர்தான். பத்து பிளை ரகம் ஒன்று 250 முதல் 350 டாலர் வரை ஆகும், நாலும் சேர்த்துப் பாருங்கள். ஃபோர்டும் ஜிஎம்மும் 87 ஆக்டேனில் ஓடும். 6.4 ஹெமிக்கு 89 பரிந்துரை, 87 போட்டாலும் ஓடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எஃப்-250 நாலு கதவு, பின்னால் குட்டிச் சாமான் தொட்டி உள்ள வண்டியே 250 அங்குல நீளம், எட்டடித் தொட்டி என்றால் 266. வீட்டு கராஜ் 20 அடி ஆழம் என்றால் 240 அங்குலம்தான், கதவு மூட முடியாது. உயரம் 81 அங்குலம் பக்கம் வரும். ஆபீஸ் பார்க்கிங் கட்டடத்தில் 6 அடி 8 அங்குலம் என்று பலகை தொங்கினால் உள்ளே நுழையாது. வண்டி பார்க்கப் போவதற்கு முன்னால் இந்த அளவுகளை டேப் வைத்து எடுங்கள். அளக்காமல் வாங்கிவிட்டு மறு மாதமே விற்பவர்கள் உண்டு.

டென்வர் மலையேறி
குலுக்கல் பத்தி நான் சொல்றேன். பின் சீட்டில் பிள்ளைகள்னா ரேம் 2500தான் முதலிடம். 2014ல இருந்து ரேம் 2500க்குப் பின்னால லீஃப் ஸ்பிரிங் இல்ல, காயில் ஸ்பிரிங். காலி வண்டியில பாலத்து இணைப்புல ஏறும்போது பின்பக்கம் எகிறாது. ஃபோர்டும் ஜிஎம்மும் லீஃப், காலியா இருந்தா எகிறும். முன்பக்கத்துக்கு ஜிஎம்தான் சொகுசு, ஏன்னா அதுல தனித்தனி சஸ்பென்ஷன், டார்ஷன் பார். ஃபோர்டு, ரேம் ரெண்டு ஃபோர் வீல் வண்டியும் முன்னால முழு ஆக்ஸில்.

குலுக்கலைக் குறைக்க ஒரு வழி டயர் காத்து. கதவு ஸ்டிக்கர்ல இருக்கற பின் டயர் அழுத்தம் முழு லோடுக்கானது. காலியா ஓட்டறப்ப ட்ரக் ஸ்டாப் எடைமேடையில பின் ஆக்ஸில் எடையைப் பார்த்து, டயர் கம்பெனி லோடு அட்டவணையில ஒத்துப்பார்த்து, 50-55 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கலாம். டாஷ்ல எச்சரிக்கை விளக்கு எரியலாம். ட்ரெய்லர் மாட்டறதுக்கு முன்னாடி மறக்காம பழைய அளவுக்கு ஏத்திடணும்.

ஸ்பேனர் சார், 6.0 பத்தி மட்டும் எனக்கு வேற கருத்து. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீத பலம் இழக்கும். டென்வர் 5,280 அடி. ஐ-70ல ஐசன்ஹவர் டன்னல் 11,000 அடிக்கு மேல. அங்க 360 குதிரை 240 ஆயிடும். 7,800 பவுண்டைக் கட்டிக்கிட்டு அந்த ஏத்தத்துல 6.0 ரொம்பத் திணறும்.

பழைய ஸ்பேனர்
கொலராடோவுல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஹூஸ்டன் கடல் மட்டம், ஹில் கன்ட்ரி போனாலும் 2,000 அடி சொச்சம்தான். 6.0 ஏத்தத்துல 4,000 ஆர்பிஎம்முக்கு மேல கத்தும், அது அதோட இயல்பு. அதிகபட்ச டார்க்கே 4,200லதான் வருது. சத்தம் கேட்டு பயந்து காலை எடுக்க வேண்டாம். 4.10 ஆக்ஸில் விகிதம் இருக்கற வண்டியா பாருங்க. ஆறாவது கியர்ல 70 மைல் வேகத்துல 2,000 ஆர்பிஎம் பக்கம்தான் நிக்கும், தினசரி ஓட்டத்துக்குத் தொந்தரவில்ல. க்ளவ் பாக்ஸ் ஸ்டிக்கர்ல ஜிடி5 இருந்தா 4.10, ஜி80 இருந்தா பின் வீல் ரெண்டையும் சேர்த்துச் சுத்த வைக்கற லாக்கர் உண்டு.

இப்ப வண்டி பார்க்கற முறை. விக்கறவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, நீங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா இன்னொரு நாள் காலையில வர்றேன்னு சொல்லிடுங்க. ஆறிப்போன இன்ஜின்ல முதல் ரெண்டு நிமிஷம்தான் எல்லா உண்மையும் வெளிய வரும்.

ஸ்டார்ட் பண்ணினதும் முன் வீல் பள்ளத்துப் பக்கம் காதைக் கொடுங்க. டிக் டிக்னு சத்தம் வந்து, இன்ஜின் சூடு ஏற ஏற அது அடங்கினா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு. சூட்டுல இரும்பு விரிஞ்சு இடைவெளி அடைபடுது. டார்ச் அடிச்சு போல்ட் தலையெல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. மூணு பிராண்டுக்கும் இது பொது, வாங்கறதை நிறுத்தத் தேவையில்ல, விலையைக் குறைக்கக் கேளுங்க. சூடான பிறகும் சத்தம் அப்படியே இருந்தாலோ கூடினாலோ அது லிஃப்டர். ஹெமியா இருந்தா அங்கேயே விட்டுட்டு வந்துடுங்க.

அடுத்தது வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கற ஓபிடி ஸ்கேனர். 30 டாலருக்குக் கிடைக்கறதே போதும். கோளாறு கோடு (code) இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க, ரெடினஸ் மானிட்டர், அதாவது வண்டி தன்னைத் தானே பண்ணிக்கற சோதனை, எல்லாம் முடிஞ்சிருக்கான்னு பாருங்க. பாதிக்கு மேல முடியலைன்னா நேத்துதான் கோடை அழிச்சிருக்காங்கன்னு அர்த்தம். கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவை எவ்வளவு திருத்துதுன்னு காட்டற லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் கூட்டல் கழித்தல் 10க்குள்ள இருக்கணும்.

மைலைவிட முக்கியம் இன்ஜின் மணிநேரம். ஃபோர்டுல டாஷ் மெனுவுலேயே மொத்த மணியும் ஐடிலிங் மணியும் தனித்தனியா வரும். ஐடிலிங் ஒரு மணி 25 மைலுக்குச் சமம்னு தோராயமா கணக்கு வச்சுக்கலாம். மைலை மணியால வகுத்துப் பாருங்க. 30க்கு மேல வந்தா ஹைவே வண்டி. 20க்குக் கீழ வந்தா நின்ன இடத்துல ஓடின வேலை வண்டி.

ஃபோர்டு, ரேம் ஃபோர் வீல்ல முன் ஆக்ஸில் நடுக்கம் ஒண்ணு இருக்கு. 50, 60 மைல் வேகத்துல பள்ளத்துல ஒரு வீல் விழுந்ததும் ஸ்டியரிங் கையில பிடிக்க முடியாம ஆடும், நிறுத்தினாத்தான் அடங்கும். காரணம் ட்ராக் பார் (ஆக்ஸிலைப் பக்கவாட்டுல நகராமப் பிடிக்கற கம்பி) புஷ், பால் ஜாயின்ட், பேலன்ஸ் இல்லாத டயர். ஸ்டியரிங் டேம்பரை மட்டும் புதுசா மாத்தி விக்கறாங்கன்னா சந்தேகப்படுங்க, டேம்பர் அதை மறைக்கும், குணமாக்காது. சோதனை சுலபம். இன்ஜின் ஓடட்டும், ஒருத்தர் ஸ்டியரிங்கை இடம் வலமா கால் சுத்து ஆட்டட்டும், நீங்க கீழ ட்ராக் பாரோட ரெண்டு முனையையும் பாருங்க. முனை பக்கவாட்டுல நகர்ந்தா தேஞ்சிருக்கு. ஜிஎம்முக்கு இந்த நடுக்கம் வராது. பதிலா ஐட்லர் ஆர்ம், பிட்மேன் ஆர்ம் தேயும். முன்பக்கம் உயரமாத் தெரியணும்னு டார்ஷன் பாரை முறுக்கி வச்சிருந்தா சிவி ஜாயின்டும் பால் ஜாயின்டும் சீக்கிரம் போகும்.

ஹூஸ்டன் தெற்கு
மூணு வண்டி கிடைச்சிருக்கு.
ஒன்று: 2018 எஃப்-250 6.2, 96,000 மைல். மொத்தம் 5,900 மணி, அதில் ஐடிலிங் 3,100. கேபின் கூரையில் ரெண்டு ஓட்டையை அடைச்சிருக்காங்க. 27,500 டாலர்.
இரண்டு: 2017 சில்வராடோ 2500எச்டி 6.0, 1,18,000 மைல், 3,500 மணி. ஒரே ஓனர், 4.10, ஜி80 ரெண்டும் இருக்கு. கோல்ட் ஸ்டார்ட்டில் வலது பக்கம் டிக் சத்தம், நாலு நிமிஷத்தில் போயிடுச்சு. 26,000 டாலர்.
மூன்று: 2016 ரேம் 2500 6.4, 74,000 மைல். இன்ஜின் சத்தமில்லை. ஆனா ஸ்கேனரில் மூணு மானிட்டர் முடியலை, ஸ்டியரிங் டேம்பர் பளபளன்னு புதுசு. 25,500 டாலர்.

கொங்கு டீசல்
ரேம் வேண்டாங்க. மானிட்டரும் முடியல, டேம்பரும் புதுசுன்னா ரெண்டு இடத்துல எதையோ மறைக்கிறாங்க. கூட 100 மைல் ஓட்டிட்டு மானிட்டர் முடிஞ்சதும் கூப்பிடுங்கன்னு சொல்லுங்க. நேர்மையான ஆளா இருந்தா கூப்பிடுவாருங்க.

இழுவைக் கணக்கு
ஃபோர்டு கணக்கு: 96,000 மைலை 5,900 மணியால் வகுத்தால் 16. ஐடிலிங் 3,100 மணிக்கு 77,500 மைல். இன்ஜினைப் பொறுத்தவரை அது 1,73,500 மைல் ஓடிய வண்டி. சில்வராடோ 34 வருகிறது, சுத்தமான ஹைவே ஓட்டம். மைல் அதிகமாகத் தெரிகிற வண்டிதான் உண்மையில் குறைவாகத் தேய்ந்தது.

டென்வர் மலையேறி
என் ஓட்டு இன்னும் ஃபோர்டு பக்கம்தான், 50 பவுண்ட்-அடி டார்க் கூடுதலை லேசா நினைக்க வேண்டாம். ஆனா அந்தக் குறிப்பிட்ட வண்டி இல்ல. கூரை ஓட்டை வழியா தண்ணி இறங்கியிருக்கும். கூரைத் துணியோட பின் ஓரத்தையும் தரை விரிப்புக்கு அடியிலயும் தொட்டுப் பார்த்தா தெரியும். மணி குறைவா வேற 6.2 கிடைக்கற வரைக்கும் காத்திருக்க முடிஞ்சா காத்திருங்க.

ஸ்கார்பரோ 401
சில்வராடோவுக்கு அடியில படுத்துப் பாத்தனீங்களோ? பிரேக் பைப் எப்பிடி?

ஹூஸ்டன் தெற்கு
பார்த்தேன் அண்ணா. பைப்பெல்லாம் சுத்தம், சேசிஸில் மேலோட்டமான துரு மட்டும். பதிவு முழுக்க டெக்சாஸும் லூசியானாவும்தான். ஆபீஸ் பார்க்கிங்கும் அளந்தாச்சு, 7 அடி 2 அங்குலம். வீட்டில் வெளியே நிறுத்த இடம் இருக்கு. சில்வராடோ எடுக்கலாம்னு இருக்கேன். அந்த டிக் சத்தத்துக்கு எவ்வளவு குறைச்சுக் கேட்கலாம்?

பழைய ஸ்பேனர்
1,200 டாலர் கேளுங்க, 800க்கு ஒத்துக்கலாம். வலது பக்கக் கடைசி போல்ட் தலை இல்லைன்னா ரெண்டு வழி இருக்கு. உடைஞ்ச தண்டு ஹெட்டுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கிட்டிருந்தா நட்டு ஒண்ணை அது மேல வச்சு வெல்டு பண்ணி, சூட்டோட சூடா திருப்பி எடுத்துடலாம். உள்ளேயே உடைஞ்சிருந்தா ட்ரில் பண்ணி எடுக்கணும், அங்கதான் கூலி ஏறும். ட்ரில் பண்ண வேண்டாம்னா ஹெட்டோட பின்பக்கத்துல காலியா இருக்கற திருகு ஓட்டையில மாட்டி மேனிஃபோல்டை அழுத்திப் பிடிக்கற கிளாம்ப் தனியா விக்குது. மத்த போல்ட் எல்லாம் நல்லா இருந்தா அது வருஷக்கணக்கா தாங்கும்.

வண்டி கைக்கு வந்த முதல் மாசத்துல இன்ஜின் ஆயில் 5டபிள்யூ-30 6 குவார்ட், கியர் பெட்டிக்கு டெக்ஸ்ரான் 6 ஆயிலும் ஃபில்டரும், பின் ஆக்ஸிலுக்கு 75டபிள்யூ-90 சிந்தெடிக், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் எல்லாத்தையும் மாத்திடுங்க. எட்டு பிளக்கும் 1,00,000 மைலைத் தாண்டியாச்சு, மேனிஃபோல்டு வேலை நடக்கும்போதே வலது பக்கம் நாலையும் மாத்தினா கூலி மிச்சம். ஐட்லர் ஆர்மைக் கையால மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க, ஆட்டம் தெரிஞ்சா பிட்மேன் ஆர்மோட சேர்த்து மாத்திட்டு அப்புறம்தான் அலைன்மென்ட். முதல்ல அலைன்மென்ட் பண்ணினா அந்தக் காசு வீண்.

ட்ரெய்லரோட பிரேக்கை இயக்கற கன்ட்ரோலர் டாஷ்ல கம்பெனியிலிருந்தே வந்ததான்னு பாருங்க. இல்லைன்னா ட்ரெய்லரை மாட்டறதுக்கு முன்னாடி அதை வாங்கிப் பொருத்திடுங்க.